அடுத்தவர் நிகழ்ச்சி

   

"குடும்பத்தைச் சேர்த்து வைத்தது வானொலியா, தொலைக்காட்சியா?" இதுதான் தலைப்பு. எனக்கு வானொலி அணி. மேடைக்கு வரும்போதே எதிரணிச் சகோதரி கேட்டாங்க: "ஐயா, தொலைக்காட்சியிலே வந்து உட்கார்ந்துகிட்டு வானொலிதான் ஒசத்தின்னு எப்படிப் பேசப் போறீங்க?" ஏம்மா, புகுந்த வீட்டில உட்கார்ந்துகிட்டு நீங்க பிறந்த வீட்டுப் பெருமை பேசறதே இல்லையா? (சிரிப்பு) அந்த மாதிரிதான்.

சகோதரி அருமையாகப் பேசினார். 1975 ஆகஸ்டு 15இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்ததைச் சொன்னார். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' போட்டால் தெருவே ஒரு வீட்டில் கூடியதைச் சொன்னார். 1987 சனவரியில் 'ராமாயணம்' தொடர் ஆரம்பித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்ததைச் சொன்னார். எல்லாம் உண்மை. நானும் அடுத்த வீட்டுத் திண்ணையில் நின்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவன்தான். மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் போதுமா? பேருந்து நிலையத்தில் ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அது குடும்பமா? ஒருத்தருக்கு என்ன வேண்டும், ஒருத்தருக்கு என்ன கவலை என்பது இன்னொருத்தர் காதில் விழ வேண்டும். அப்போதுதான் அது குடும்பம். அந்த வேலையை இந்த நாட்டில் செய்தது வானொலி என்பதுதான் என் கட்சி. அதற்குக் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் போகலாம். 1924ஆம் ஆண்டு மே மாதம். கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளர் முன்னின்று 'மதராஸ் மாகாண ரேடியோ கிளப்' என்று ஒரு சங்கம் தொடங்கினார். அதே ஆண்டு சூலை 31இல் ஒலிபரப்பு ஆரம்பமானது. ஒலிபரப்புக் கருவியின் சக்தி எவ்வளவு தெரியுமா? 40 வாட். நம்ம வீட்டு டியூப்லைட்டுக்கு ஆகும் மின்சாரம் ஐயா! (சிரிப்பு) அதை வைத்துக்கொண்டு பாட்டும் பேச்சும் காற்றில் அனுப்பினார்கள். 1927இல் பணமில்லாமல் கிளப் மூடப்பட்டது. கருவியை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். 1930 ஏப்ரல் முதல் தேதி சென்னை மாநகராட்சியே ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. குப்பை அள்ளுகிற மாநகராட்சி, தெருவிளக்குப் போடுகிற மாநகராட்சி, மாலையானால் பாட்டும் போட்டது! மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். பெட்டி வாங்க முடியாதவன் மணலில் உட்கார்ந்து கேட்டான்.

1936இல் 'அகில இந்திய வானொலி' என்ற பெயர் வந்தது. 1938 சூன் 16இல் சென்னை நிலையம். 1939 மே 16இல் எங்கள் திருச்சி நிலையம். காலையில் நிலையம் திறந்ததும் வயலினும் தம்புராவுமாக ஒரு அடையாள இசை வருமே, ஞாபகம் இருக்கிறதா? அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன். ஐரோப்பாவில் யூதர்கள் வாழ முடியாத நிலை வந்தபோது, 1934இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்த இசைக் கலைஞர். ஊரை விட்டு வந்த ஒரு மனிதரின் மெட்டைக் கேட்டுத்தான் நம்ம ஊர்ப் பாட்டிகள் வாசல் தெளித்தார்கள். யாருக்குமே அது அந்நியமாகத் தெரியவில்லை.

இனி எங்கள் வீட்டுக்கு வாருங்கள். காவிரிப் பாசனத்தில் ஒரு சின்ன கிராமம். 1970களின் கடைசி. கூடத்துச் சுவரில் ஒரு பலகை, அதன் மேலே ஒரு மர்பி ரேடியோ, அதற்கு அம்மா பின்னிய ஒரு பூப்போட்ட உறை. ஓட்டு மேலே வலை மாதிரி ஏரியல். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் புதுப்பிக்க வேண்டும். 1980களின் நடுப்பகுதி வரைக்கும் அந்த வழக்கம் இருந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால், "ரேடியோவுக்கு லைசென்ஸா? யாரை இடிச்சுச்சு?" என்று கேட்கிறார்கள்! (சிரிப்பு)

வீட்டில் ஏழு பேர். ரேடியோ ஒன்று. இதைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் முதலில் பக்திப் பாடல். அது யாருக்கு? அப்பாயிக்கு. ஆனால் போர்வைக்குள் புரண்டுகொண்டிருந்த என் காதிலும் விழுந்தது. மார்கழி முப்பது நாளும் திருப்பாவை, திருவெம்பாவை. பின்னாளில் நான் எம்.ஏ. வகுப்பில் பக்தி இலக்கியத்தைப் பிரித்தபோது, பாட்டு எனக்கு எழுத்தாக வரவில்லை. ராகத்தோடு வந்தது. நான் தூங்கிக்கொண்டே படித்த ஒரே பாடம் அதுதான்!

7.15க்கு தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. "வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி." அந்தக் கம்பீரமான குரல் 2022இல் மறைந்தது. செய்தி யாருக்கு? அப்பாவுக்கு. ஆனால் அம்மாவுக்கு அது கடிகாரம். தலைப்புச் செய்தி வந்தால் சோறு கொதிக்கணும். செய்தி முடிந்தால் நாங்கள் குளித்திருக்கணும். அந்த அவசரத்திலேயே அம்மாவுக்குப் பிரதமர் யார், எந்த நாட்டில் சண்டை, எல்லாம் தெரிந்துவிடும்.

பகலில் பள்ளி ஒலிபரப்பு, பிறகு மகளிர் நிகழ்ச்சி. மத்தியானம் எங்கள் அத்தை பெட்டியைக் கைப்பற்றிக்கொள்வார். முள்ளைத் திருப்பினால் கொழும்பு! 'நீங்கள் கேட்டவை', 'இசையும் கதையும்', பிறந்தநாள் வாழ்த்து. மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று குரலுக்குக் குரல் ரசிகர் கூட்டம். யாழ்ப்பாணத்தில் யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால், தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் அத்தைக்குச் சந்தோஷம்!

கொழும்பு ஏன் அவ்வளவு செல்வாக்குப் பெற்றது? அதற்கும் வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையில் சக்தி மிகுந்த ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்த பின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. இந்தப் பக்கம் என்ன நடந்தது? 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். நம் வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப் போயிற்று. மக்கள் என்ன செய்தார்கள்? சண்டை போடவில்லை, முள்ளைத் திருப்பினார்கள். கடைசியில் 1957 அக்டோபரில் அரசே 'விவித பாரதி'யை ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அமைச்சரை ஜனங்கள் காதாலேயே தோற்கடித்த கதை இது! (கைதட்டல்)

சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி. 'வீடும் வயலும்' என்று பேரே எவ்வளவு அழகு பாருங்கள். தாத்தாவுக்கான நேரம். அந்த நேரத்தில் பெட்டிப் பக்கம் யாரும் போக முடியாது. இங்கே ஒரு செய்தி. ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில் ஏ.டி.டி. 27 என்று ஒரு குறுகிய கால நெல் ரகம் உருவானது. 1960களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தில் அது பரவியபோது, திருச்சி வானொலி அதைப் பற்றி விவசாயிகளுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'ரேடியோ நெல்'! ஆராய்ச்சியாளர் வைத்த எண்ணை விட்டுவிட்டு, சொன்ன பெட்டியின் பெயரை வைத்தார்கள். ஐயா, எத்தனையோ தொடர்கள் வந்தன, கதாநாயகி பெயரில் சேலை வந்தது, வளையல் வந்தது. நெல் வந்ததா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

பிறகு இளைஞர்களுக்கு 'இளைய பாரதம்'. தொழிலாளர்களுக்கு ஒரு நேரம். சென்னை நிலையத்தில் குழந்தைகளுக்குப் 'பாப்பா மலர்', அதற்கு ஒரு வானொலி அண்ணா. இரவில் நாடகம், கச்சேரி. ஒன்பது மணிக்கு ஆங்கிலச் செய்தி. அப்பாயிக்கு ஆங்கிலம் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் அந்தக் குரல் கேட்டதும், "டேய், இங்கிலீஷ்காரன் வந்துட்டான். படுங்கடா" என்பார். உலகச் செய்தி எங்கள் வீட்டில் தாலாட்டாகப் பயன்பட்டது.

இவ்வளவையும் எழுதிக் கொடுத்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? தி. ஜானகிராமன் வானொலியில் கல்வி ஒலிபரப்பைப் பார்த்துக்கொண்டவர். மீ.ப. சோமு திருச்சியிலும் சென்னையிலும் பணியாற்றியவர். அகிலன் சென்னை நிலையத்தில் இருந்தவர். மூவருமே சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற எழுத்தாளர்கள். இலங்கை வானொலியில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு அடித்தளம் போட்டு, பிறகு லண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் யாழ்ப்பாணத்து சோ. சிவபாதசுந்தரம். ஒலிபரப்புக் கலைக்கென்றே தமிழில் புத்தகம் எழுதியவர். படித்தவர்களுக்கு எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள், படிக்கத் தெரியாதவர்களுக்காகவும் எழுதிய காலம் அது.

திருவள்ளுவர் அதிகாரங்களை எப்படி அடுக்கியிருக்கிறார் பாருங்கள். 40ஆவது அதிகாரம் கல்வி. 41 கல்லாமை. 43 அறிவுடைமை. நடுவில் 42ஆவதாக எதை வைத்தார்? கேள்வி! கல்லாமையில் இருக்கிறவன் அறிவுடைமைக்குப் போக வேண்டுமென்றால், வழியில் காதால் கேட்டாக வேண்டும். எங்கள் அப்பாயி 41இலிருந்து 43க்கு நடந்து போனார். இடையில் இருந்த பாலம் அந்த மரப்பெட்டி. (கைதட்டல்)

எதிரணி எழுந்து கேட்கலாம். "வானொலி அரசாங்கத்தின் வாய்தானே? ஆட்சியில் இருக்கிறவர் சொன்னதைத்தானே சொல்லும்?" உண்மைதான். 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது வானொலி எந்தக் குரலில் பேசியது என்பது நாட்டுக்கே தெரியும். அரசின் நேரடிப் பிடியிலிருந்து விலக்கி 'பிரசார் பாரதி' அமைக்க 1990இல் சட்டம் வந்து, அது நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. இதையும் மறைக்கக் கூடாது. அதுபோல, வீட்டுக்குள்ளேயும் ஒரு சர்வாதிகாரம் உண்டு. அப்பா வீட்டில் இருந்தால் முள் அப்பா கையில். அத்தை கொழும்பு கேட்டதெல்லாம் அப்பா வெளியே போன நேரத்தில்தான்! அந்தக் காலம் எல்லாம் பொற்காலம் என்று நான் சாதிக்க வரவில்லை.

ஆனால் என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகவில்லை. பாயில் படுத்திருக்கிறேன். மகளிர் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு டாக்டரம்மா பேசுகிறார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நிறுத்திவிடாதீர்கள், உடம்பில் நீர் வற்றித்தான் ஆபத்து வருகிறது என்கிறார். ஒரு லிட்டர் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, அதில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தலைதட்டிப் போட்டுக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்கிறார். எனக்கு எரிச்சல். எப்ப முடியும், எப்ப பாட்டு வரும் என்று காத்திருக்கிறேன். ஆனாலும் காதில் விழுந்துவிட்டது. காதுக்கு இமை கிடையாதே!

ஐந்தாறு மாதம் போயிற்று. நடவு நேரம். அம்மா, அத்தை, எல்லாரும் வயலில். வீட்டில் நானும் அப்பாயியும் இரண்டு வயதுத் தங்கச்சியும். தங்கச்சிக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. மத்தியானம் பார்த்தால் கண் உள்ளே போய்விட்டது. அழக்கூடச் சத்தம் வரவில்லை. அப்பாயி பயந்து போய், "தண்ணி குடுக்காதடா, இன்னும் போவும்" என்கிறார். எனக்கு அந்த டாக்டரம்மாவின் குரல் நினைவுக்கு வந்தது.

"அப்பாயி, ரேடியோவுல குடுக்கணும்னு சொன்னாங்க."

அப்பாயி என்னைப் பார்த்தார். பேரன் சொன்னதை நம்பியிருப்பாரா, தெரியாது. ரேடியோ சொன்னதை நம்பினார். "அப்ப செய்யிடா" என்றார்.

அடுப்பு மூட்டி, தண்ணீர் காய்ச்சி, ஆற்றி, கரண்டி கரண்டியாக இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். பொழுது சாய அம்மா ஓடி வந்து மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே இருந்த டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "வழியெல்லாம் தண்ணி யார் குடுத்தது? அதுதான் புள்ளையக் காப்பாத்தியிருக்கு." இன்றைக்கு அந்த உப்புச் சர்க்கரைப் பொடி அளவோடு பொட்டலமாகவே கிடைக்கிறது. தாய்மார்கள் அதையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் தங்கைக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். (நீண்ட கைதட்டல்)

அந்த நிகழ்ச்சி யாருக்காக ஒலிபரப்பானது? தாய்மார்களுக்கு. அன்றைக்கு எங்கள் அம்மா அதைக் கேட்கவில்லை. களத்தில் வேலை. கேட்டவன் யார்? காய்ச்சலில் கிடந்த பத்து வயதுப் பையன். அவனுக்கான நிகழ்ச்சியே இல்லை அது. அடுத்தவருடைய நிகழ்ச்சி!

இதுதான் ஐயா என் வாதம். வானொலி ஒரு நாளைத் துண்டு துண்டாக வெட்டி, பாட்டிக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று, உழுகிறவனுக்கு ஒன்று, உலை வைக்கிறவளுக்கு ஒன்று என்று பங்கு வைத்தது. ஆனால் பெட்டி ஒன்றுதான் என்பதால், ஒவ்வொருவர் பங்கும் மற்ற ஆறு பேர் காதிலும் விழுந்தது. வேலையை நிறுத்தாமல் கேட்டோம். அரிசி புடைத்துக்கொண்டே அத்தை உரம் போடுகிற பக்குவம் தெரிந்துகொண்டார். தாத்தாவுக்குக் கர்ப்பிணிப் பெண் என்ன சாப்பிடணும் என்று தெரியும். ஒருவர் கவலை இன்னொருவருக்கு அறிவாயிற்று.

இன்னும் ஒன்று. மழைக்காலத்தில் வானிலை அறிக்கை வரும். "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று எச்சரிப்பார்கள். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. எங்கள் வீட்டில் ஒருவரும் படகைத் தொட்டதில்லை. ஆனால் அதைக் கேட்டதும் அப்பாயி கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு, "யாரு பெத்த புள்ளைங்களோ, கரை வந்து சேரணும்" என்பார். முகம் தெரியாத மீனவனுக்காக ஒரு கிழவி கும்பிட்டாள். அவள் குடும்பம் அன்றைக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது பாருங்கள்!

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நாலு பேர், நாலு கைப்பேசி. அவரவர் காதில் அவரவர் கருவி. பையன் கேட்பது அப்பாவுக்குத் தெரியாது. அம்மா பார்ப்பது பெண்ணுக்குத் தெரியாது. எனக்குப் பிடித்தது எதுவோ அதை மட்டுமே கைப்பேசி தேடித் தேடி எனக்குக் கொடுக்கிறது. வசதிதான். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அடுத்தவருக்கானது என் காதில் விழ வழியில்லையே! என் வீட்டில் இன்று ஒரு குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போனால், பக்கத்து அறைப் பையனுக்குத் தெரிந்திருக்குமா?

இதற்குத் தொலைக்காட்சியைக் குற்றம் சொல்ல மாட்டேன் சகோதரி, பயப்படாதீர்கள். பாவம், அதுவும் இப்போது கூடத்தில் தனியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறது. (சிரிப்பு) கூடிப் பார்க்க வைத்தது தொலைக்காட்சி, ஒப்புக்கொள்கிறேன். ஒருவரை ஒருவர் அறிய வைத்தது வானொலி.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரே ஒரு வேண்டுகோள். இன்று இரவு சாப்பிடும்போது அரை மணி நேரம் காதில் இருப்பதைக் கழற்றி வையுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் தனக்குப் பிடித்ததைச் சத்தமாகப் போடட்டும். உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் அந்த டாக்டரம்மா பேச்சு பிடிக்கவில்லைதான். ஆனாலும் கேட்டு வையுங்கள்.